கிழக்குப் பக்கத்து மண்

மார்ச் 4

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மிச்சம் அங்கேயே கிடக்கும். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் என் மகளைப் பார்க்க வந்திருந்தபோது உங்கள் வீட்டுக்கு வராமல் திரும்பியதற்குக் காரணம் கோபம்தான், வேறொன்றுமில்லை. நீங்கள் ஆயுசெல்லாம் வேலை பார்த்த அணு ஆலையை இடித்துவிட்டு அந்த இடத்தில் கட்டிய புது நகரில், கிழக்குப் பக்கம், மூன்றாவது வரிசையில் அவர்களைக் குடி வைத்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டால், "அப்பா பாத்துதான் எடுத்தாரு அத்தை" என்கிறார். என் மகளோ ஐந்து மாதம். அவளிடம் நான் எதைக் கேட்பது?

வீடு அழகாகத்தான் இருக்கிறது. குறை சொல்ல மாட்டேன். வாசலில் ஒரு ரோஜாச் செடி வைக்கலாம் என்று கொண்டுபோயிருந்தேன். கரண்டியால் இரண்டு தடவை குத்தியிருப்பேன், அந்தக் குடியிருப்பு மேற்பார்வையாளர் தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தார்.

"அம்மா, அம்மா, தோண்டாதீங்க!"

"ஏம்பா, கரண்ட் ஒயர் போகுதா?"

"இல்லம்மா. ஒரு சாணுக்கு மேல தோண்டக் கூடாது. காய்கறி போடக் கூடாது. கிணறு, போர் எதுவும் கூடாது. விதி அப்படி."

"மண்ணு சுத்தமாயிடுச்சுன்னு சொன்னாங்களே?"

"சுத்தம்தாம்மா. தோண்டலேன்னா சுத்தம்."

இப்படி ஒரு சுத்தத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. நான் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். ஒரு டிரைவர் வந்து, "பிரேக் நல்லா இருக்கு மேடம், மிதிக்காத வரைக்கும்" என்றால் அந்த வண்டியை நான் வெளியே விடுவேனா? நீங்கள் விட்டிருக்கிறீர்கள். அதில் என் மகளை ஏற்றியிருக்கிறீர்கள்.

பதில் எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி

*

மார்ச் 12

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

நலம், நலமறிய அவா. தங்கள் கடிதம் கிடைத்தது. என் மனைவி படித்துவிட்டு வருத்தப்பட்டாள். எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

அம்மா, அந்த ஆலையில் உதவியாளராகச் சேர்ந்து ஃபோர்மேனாக வெளியே வந்தவன் நான். யுரேனியத்தைக் குழாயில் அடைத்து எரிபொருளாக்கும் பிரிவு. வேலை முடிந்ததும் கருவிக்கு முன்னால் கையை நீட்டி நின்று, பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் வீட்டுக்கு விடுவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அப்படி நின்றிருக்கிறேன். எனக்கு என்ன ஆகிவிட்டது? சர்க்கரை வந்தது. அதற்கு ஆலை பொறுப்பல்ல, என் நாக்குதான் பொறுப்பு.

ஆலை மூடிய பிறகு இந்த ஊர் என்ன ஆனது என்று தங்களுக்குத் தெரியாது. பள்ளியில் இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்கார வைத்தார்கள். சினிமா தியேட்டரில் புறாக்கள் குடியேறின. சலூன்காரர் காலையில் கடையைத் திறந்து, தனக்குத் தானே முகம் மழித்துக்கொண்டு சாத்திவிட்டுப் போவார். அப்புறம்தான் ஆலையை இடித்தார்கள், மண்ணை அள்ளினார்கள். வருடக்கணக்கில் லாரி. எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்வதை நிறுத்தியதே போன வருடம்தான். அந்த இடத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் குழுவில் ஊர் சார்பில் என்னைப் போட்டார்கள். வீடு வீடாகப் போனேன். "என் பையனையே குடி வைக்கிறேன், உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டேன். நாற்பது குடும்பங்கள் அந்த ஒரு வார்த்தைக்காக வந்தன. இப்போது என் மருமகளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது?

விதிகள் எல்லாம் முன்னெச்சரிக்கை. தங்கள் பஸ்ஸில் 'கையை வெளியே நீட்டாதீர்' என்று எழுதுவதில்லையா? அதைப் படித்துவிட்டு யாராவது பஸ்ஸே ஆபத்து என்று இறங்கிப் போகிறார்களா? ரோஜாவைத் தொட்டியில் வைக்கலாம். நானே ஒரு தொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

தங்கள் நகரத்தில் காலையில் போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் சாம்பல் நிறமாகிவிடுகிறது என்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

*

மார்ச் 26

சம்பந்தி அவர்களுக்கு,

பஸ்ஸில் கையை நீட்டாதே என்று எழுதுவது, நீட்டினால் கை போய்விடும் என்பதால். உங்கள் மண்ணில் கை வைத்தால் என்ன போகும்? அதைச் சொல்லிவிட்டு உதாரணம் காட்டுங்கள்.

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம். உங்களுக்கு உடுப்பு இருந்தது, கையுறை இருந்தது, பச்சை விளக்கு இருந்தது. தவழுகிற குழந்தைக்கு என்ன இருக்கிறது? கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடும். அதற்கு யார் விதியைப் படித்துக் காட்டுவது, நீங்களா?

இன்னொன்று. எங்கள் டிப்போவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டிரைவர் ஒருவர் இதற்கு முன் உங்கள் ஊரில் மண் லாரி ஓட்டியவர். டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மேற்குப் பக்கம் ஆளுயரத்துக்குத் தோண்டினோம் மேடம். கிழக்குப் பக்கம் சும்மா மேலாகச் சுரண்டினோம், அவ்வளவுதான். அங்க குடோன் வரப்போகுது, காங்கிரீட்டப் போட்டு மூடிடுவாங்க, இது போதும்னாங்க."

"அப்புறம் குடோன் வந்துச்சா?"

"வரல போல மேடம். நான்தான் அதுக்குள்ள வேலைய விட்டுட்டேனே."

குடோன் வரவில்லை. வீடு வந்தது. என் மகள் வீடு வந்தது. குடோனுக்குப் போதும் என்று விட்ட மண்ணின் மேல் வீடு கட்டும் முன்னால் மறுபடி தோண்டினார்களா, இல்லையா? நான் கேட்பது இந்த ஒரே கேள்விதான். நீங்கள் குழு உறுப்பினர். கேட்டுச் சொல்லுங்கள்.

நேற்று மகள் போனில் அழுதாள். "நீயும் மாமாவும் இப்படிச் சண்டை போட்டா நான் யார் பக்கம்மா நிக்கிறது?" என்றாள். மேற்குப் பக்கம் நில் என்றேன். சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு மரியாதையாக எழுதுகிறேன்.

உங்கள் சம்பந்தி

*

ஏப்ரல் 8

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

ஒரு லாரி டிரைவர் டீக்கடையில் சொன்னதை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்கிறீர்களே என்று முதலில் கோபம்தான் வந்தது. இருந்தாலும் கேட்டேன். திட்ட இயக்குநரின் அறைக்கே போனேன். கோட்டு போட்டவர், வெளிநாடெல்லாம் போய்ப் படித்தவர். என்னைக் கண்டதும் எழுந்து வந்து தோளில் கை போட்டு உட்கார வைத்தார்.

"ஐயா மாதிரி ஆளுங்களாலதான் இந்தத் திட்டமே நிக்குது" என்றார். நான் கேள்வியைச் சொன்னேன்.

"எல்லாமே அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கு ஐயா. நிபுணர்கள் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க எதுக்குக் கவலைப்படறீங்க?"

பிறகு ஒரு படம் போட்டுக் காட்டினார். புது நகரைப் பற்றியது. நான் ஒரு குழந்தைக்குச் சாவி கொடுப்பது போல அதில் வருகிறேன். நன்றாக எடுத்திருந்தார்கள். டீயும் நன்றாக இருந்தது.

வீட்டுப் படியேறும்போது, தோண்டினோம் என்றோ தோண்டவில்லை என்றோ அவர் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது. அவ்வளவு படித்தவர் மழுப்ப வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? எனக்குத் திருப்தியே. தாங்களும் திருப்தி அடைய வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

*

ஏப்ரல் 14

சம்பந்தி அவர்களுக்கு,

எட்டு மணி வண்டி போய்விட்டதா என்று ஒரு பயணி கேட்டால், "எங்க வண்டி எல்லாம் நல்ல வண்டி" என்று நான் பதில் சொல்வேனா? கோட்டுக்காரர் உங்களுக்கு அந்தப் பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். அது உங்களுக்கும் தெரியும். தெரியாவிட்டால் படியேறும்போது ஞாபகம் வந்திருக்காது.

டீ நன்றாக இருந்தது என்று எனக்கு இனிமேல் எழுதாதீர்கள்.

உங்கள் சம்பந்தி

*

மே 21

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். வீம்பு என்று நினைத்திருப்பீர்கள். பாதி அதுதான்.

புது நகரில் குழந்தைகள் காப்பகம் ஒன்று கட்டியிருக்கிறார்கள் அல்லவா, அதன் முற்றத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. ஆட்கள் வந்து தோண்டினார்கள். மேலே பரப்பிய புது மண் முழங்கால் ஆழம்தான். அதற்கும் கீழே போனார்கள். மறுநாள் அந்த இடத்தைச் சுற்றித் தகர வேலி. நான் பேப்பர் வாங்கப் போனவன் நின்று பார்த்தேன். உள்ளே இரண்டு பேர் வெள்ளை உடுப்பில், தலைமூடியோடு, கையில் கருவியோடு குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற இளம் அதிகாரியிடம் கேட்டேன்.

"என்ன தம்பி நடக்குது?"

"பைப் வேலைங்க ஐயா."

என்னிடம் சொல்கிறான், அம்மா. அந்த உடுப்பைத் தினமும் போட்டுக் கழற்றிய என்னிடம். அந்தக் கருவி எப்போது எப்படிச் சத்தம் போடும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய என்னிடம், பைப் வேலை என்கிறான். வேலிக்கு வெளியே நின்றே அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, விடாமல், படபடவென்று. கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பேப்பரை எங்கேயோ தவறவிட்டுவிட்டேன்.

அடுத்த குழுக் கூட்டத்தில் எழுந்து தங்கள் கேள்வியைக் கேட்டேன். "கிழக்குப் பக்கம் வீடு கட்டுறதுக்கு முன்னாடி மறுபடி தோண்டினீங்களா இல்லையா? ஆமான்னு சொல்லுங்க, இல்லன்னு சொல்லுங்க. படம் வேண்டாம்."

இயக்குநர் சுற்றி வளைத்தார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார்: "தோண்டல. அவசியம் இல்ல. குடியிருக்கறவங்க விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடிச்சா அளவு மீறாது."

புரிகிறதா அம்மா? மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டிய இடத்தில் மனிதர்களுக்கு விதி போட்டிருக்கிறார்கள். நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால், ஒரு சாணுக்கு மேல் தோண்டிய குழந்தையின் குற்றம். அதற்கு நான் சாவி கொடுத்திருக்கிறேன், படத்தில் சிரித்துக்கொண்டே.

கூட்டம் முடிந்ததும் வராந்தாவில் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "ஐயா, உங்க பையன் வீட்ட மட்டும் நாங்க தனியாச் செஞ்சு தந்துடறோம். ஆளுயரத்துக்கு எடுத்துட்டுப் புது மண் போட்டுடறோம். வெளிய தெரிய வேண்டாம்" என்றார்.

அவசியமில்லாத வேலையை எனக்கு மட்டும் எதற்குச் செய்கிறாராம்? நான் திரும்ப உள்ளே போனேன். கலைந்துகொண்டிருந்தவர்களை நிறுத்தி, அவர் சொன்னதை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "என் மருமகளுக்கு மட்டும் சுத்தம் வேண்டாம்" என்றேன்.

அன்றிலிருந்து அந்த நாற்பது வீட்டுப் படியையும் மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறேன். சிலர் உட்கார வைத்துக் கேட்கிறார்கள். ஒருவர், "அப்போ ஒண்ணு சொன்னீங்க, இப்போ ஒண்ணு சொல்றீங்க, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கதவைச் சாத்தினார். என் பையன் என்னோடு பேசுவதில்லை.

தங்கள்,
சம்பந்தி

*

மே 26

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு, "மனுஷன்னா இவர்தான்" என்றார். நான் அவருக்கு அன்று சோறு போடவில்லை.

கோட்டுக்காரரைச் சபையில் வைத்துக் கேட்டீர்கள், சரி. வேலிக்கு வெளியே நின்று உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்றும் எனக்குத் தெரிகிறது. ஆனால் என் மகள் வீட்டை ஆளுயரத்துக்குத் தோண்டித் தருகிறேன் என்றவனிடம் வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்?

அவளைக் கேட்டீர்களா? மாப்பிள்ளையைக் கேட்டீர்களா? குடி வைக்கும்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. அப்போது ஊருக்கு முன்னால் உங்கள் பெருமை. இப்போது ஊருக்கு முன்னால் உங்கள் மானம். இரண்டுக்கும் நடுவில் ஏழு மாத வயிற்றோடு நிற்பவள் என் மகள்.

நானாக இருந்தால் சரி என்றிருப்பேன். அந்த நிமிஷமே, அந்த வராந்தாவிலேயே. முதலில் என் பிள்ளை வீடு, அப்புறம் மற்றவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். இதில் எனக்கு வெட்கம் இல்லை. நாற்பது வீட்டுக்கும் நியாயம் கேட்க என்னால் முடியும். நாற்பது வீட்டுக்காக அவளைக் காக்க வைக்க முடியாது. நீங்கள் காக்க வைத்துவிட்டீர்கள், ஒரு வாக்கியத்தில்.

லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் வருகிறேன். அதுவரைக்கும் எனக்கு எழுதுவதற்குப் பதில் அவளிடம் போய்ப் பேசுங்கள்.

உங்கள் சம்பந்தி

*

ஜூன் 9

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

தாங்கள் எழுதியது சரி. அதற்கு மேல் அதைப் பற்றி என்னால் அழகாக எழுத முடியவில்லை.

போனேன். மருமகள் காப்பி கொடுத்தாள். அவளைக் கேட்காமல் பேசியது தப்பு என்றேன். அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க வேண்டாம்னு சொன்னது சரிதான். பக்கத்து வீட்டுல ரெண்டு வயசுப் பையன் இருக்கான். எங்க வாசல மட்டும் தோண்டிட்டு அவன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது? ஆனா என்னைக் கேட்டிருந்தா நானே வந்து அந்த ஆளு முன்னாடி சொல்லியிருப்பேன். இப்ப எல்லாரும் உங்களத்தான் பாராட்டறாங்க. என்னை யாரு கேட்டா?"

"உங்க அம்மா சரின்னு சொல்லியிருப்பாங்களாம்" என்றேன்.

"சொல்லியிருப்பாங்க. அப்புறம் நான் அவங்களோட சண்டை போட்டிருப்பேன்" என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பெட்டிகளோடு இரண்டு பேரும் எங்கள் பழைய வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பையன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சாப்பிடும்போது குழம்புப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்துகிறான். போதும்.

குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். 'வயது காரணமாக' என்று அறிவித்தார்களாம். பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே வந்துவிட்டன. பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் காப்பகத்தையும் முதல் மூன்று வரிசையையும் தோண்டுவதாக ஒத்துக்கொண்டார்கள். மற்ற வரிசைகள் 'ஆய்வில்' இருக்கின்றன. அங்கே இன்னமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், துணி காய்கிறது, பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். மூன்றாவது வரிசையோடு விஷம் நின்றுவிடுமா? நான்காவது வரிசைக்காரன் என்ன பாவம் செய்தான்?

தலைநகரில் ஜூலையில் விசாரணை வைத்திருக்கிறார்கள். என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன்.

தாங்கள் வந்தால் நேரே எங்கள் வீட்டுக்கே வரவும்.

தங்கள்,
சம்பந்தி

*

ஜூலை 19

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் விசாரணைக்காகத் தலைநகர் போய்விட்டதால், பேத்தி பிறந்த செய்தியை முந்தாநாள் போனிலேயே சொல்லிவிட்டேன். இருவரும் சுகம். இது வேறு விஷயம். தலைநகர் போகும் வண்டியின் டிரைவர் எனக்குத் தெரிந்தவர், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் விசாரணைக்குள் போகும் முன்னால் படித்துவிட வேண்டும்.

இன்று காலையில் ஆஸ்பத்திரிக்குக் கோட்டுக்காரரின் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கையில் பெரிய பூங்கொத்து, இன்னொருவர் கழுத்தில் கேமரா. மருந்து கொடுக்க வந்த நர்ஸைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "வாழ்த்துகள்மா! புது நகரோட முதல் குழந்தை! ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? எல்லா ஊர்லயும் போடப் போறோம்" என்றார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. டிப்போவில் கத்துகிற கத்தலை வார்டிலேயே கத்தியிருப்பேன். மாப்பிள்ளை எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். எப்போதும் வாயே திறக்காத அந்தப் பிள்ளை, "வெளிய போங்க. எங்க அப்பாவக் குழுவுல இருந்து தூக்கிட்டு, எங்க குழந்தையப் படம் பிடிக்க வர்றீங்களா?" என்றார். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அவராக உங்களிடம் சொல்ல மாட்டார்.

ஆனால் என் மகள், "இருங்க" என்றாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"போட்டோ எடுத்துக்கோங்க. எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா இங்க வேண்டாம். டாக்டர் வீட்டுக்கு விட்டதும் நானே பாப்பாவ எடுத்துட்டு வரேன். எங்க வாசல்ல தோண்டி வச்சிருக்கீங்களே, வேலிக்கு வெளிய நின்னு, அந்தக் குழி பின்னாடி தெரியற மாதிரி எடுங்க. ஆளுயரக் குழி. அது முழுசாத் தெரியணும்."

வந்தவருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அது... அங்க வெளிச்சம் சரியா வராதும்மா" என்றார்.

"நாலாவது வரிசைப் பக்கம் நல்ல வெளிச்சம் இருக்கு. அங்க இன்னும் தோண்டல. அதையும் சேத்து எடுங்க" என்றாள்.

கேமராவை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். பூங்கொத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், சம்பந்தி. பிள்ளை பெற்றவளுக்குக் கொண்டுவந்த பூவை!

நாளைக்கு இதையும் சொல்லுங்கள். நேரம் முடிந்துவிட்டது என்பார்கள், இது சம்பந்தமில்லாதது என்பார்கள். நாலாவது வரிசை, ஐந்தாவது வரிசை, கடைசி வரிசை வரைக்கும் சொல்லி முடிக்காமல் உட்காராதீர்கள். தொண்டை வறண்டால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். குடித்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

உங்கள் சம்பந்தி